வார், பிரி, பின்னல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர், நைலான் கடிவாளம் உரசித் தன் குதிரைக்குக் கன்னத்தில் புண் வந்துவிட்டது என்று எழுதியிருந்தார். "நைலானைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தோலில் பின்னிப் போடுங்கள்" என்று ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தேன். எப்படிப் பின்னுவது என்று கேட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை கறவை மாட்டுக் கேள்விகளுக்கு விடுமுறை.

பாலக்கோடு வாசகர்: அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கியிருக்கிறேன். செல்போனில் எட்டுப் பிரி பச்சைத்தோல் லகான் பின்னுவதைப் பார்த்தேன். எட்டிலேயே தொடங்கலாமா? எவ்வளவு தோல் வேண்டும்?

எட்டில் தொடங்க வேண்டாம். (பிரி என்றால் பின்னலின் ஒரு இழை. பச்சைத்தோல் என்றால் பதனிடாமல் காயவைத்த தோல்.) நாலில் தொடங்குங்கள், அதுவும் தோலில் இல்லை. சுண்டுவிரலில் பாதித் தடிமனுள்ள பருத்திக் கயிறு நாலு நிறத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். நாலின் தலைப்பையும் சேர்த்துக் கட்டி ஜன்னல் கம்பியில் மாட்டுங்கள். இடப்பக்கக் கடைசிப் பிரி, பக்கத்தில் உள்ள இரண்டுக்குப் பின்னால் போய், முன்னால் வந்து, ஒன்றின் மேல் ஏறித் தன் பக்கமே திரும்ப வேண்டும். அடுத்து வலப்பக்கக் கடைசிப் பிரி: அதுவும் இரண்டுக்குப் பின்னால், ஒன்றின் மேல், தன் பக்கம். இடம், வலம், இடம், வலம். இவ்வளவுதான். ஒரு முழம் போனதும் உருண்டையான கயிறு இறங்குவதைப் பார்ப்பீர்கள். நிறம் வேறு வேறாக இருந்தால் எந்த இடத்தில் தவறினோம் என்று தெரியும், அதற்குத்தான் நாலு நிறம்.

எட்டும் அதே வழிதான். பக்கத்துக்கு நாலு. இடப்பக்கக் கடைசிப் பிரி எல்லாவற்றுக்கும் பின்னால் போய், வலப்பக்க நாலின் நடுவில் வெளியே வந்து, உள்ளே இருக்கும் இரண்டின் மேல் ஏறித் தன் பக்கம் சேரும். பிறகு வலப்பக்கம். இரண்டின் மேல், இரண்டின் கீழ் என்று போவதால் மேலே மீன்முள் மாதிரி வரி விழும். நாலு கைக்கு வந்தவருக்கு எட்டு ஒரு சாயங்கால வேலை.

இப்போது கணக்கு. ஒரு பக்க லகான் 2 மீட்டர் என்று வையுங்கள். பிரி சாய்வாகச் சுற்றிக்கொண்டு போவதால் நீளம் குறையும். பின்னி முடித்த நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு பிரி வேண்டும், முடிச்சுக்குக் கொஞ்சம் கூட. ஆக ஒரு பிரி மூன்றேகால் மீட்டர், எட்டுக்கு 26 மீட்டர். பிரியின் அகலம் 5 மில்லி இருந்தால் லகான் ஏறக்குறைய 9 மில்லி தடிமன் வரும், கைக்குப் பதமாக இருக்கும்.

26 மீட்டர் வாருக்கு முழுத்தோல் நீளம் தேவையில்லை. யாரும் தோலை நீளவாக்கில் அறுப்பதும் இல்லை. வட்டமாக வெட்டி, வெளி ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே அறுத்துக்கொண்டு போவார்கள். 35 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டத்தை 6 மில்லி அகலத்தில் அறுத்தால் (பிறகு 5 மில்லிக்குச் சீராக்குவோம்) 15 மீட்டருக்குக் குறையாமல் ஒரே வார் கிடைக்கும். நடுவில் ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம் வந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் சுருள் நிமிராது. அப்படி இரண்டு வட்டம் ஒரு பக்கத்துக்கு. இரண்டு பக்கத்துக்கும் நாலு வட்டம்.

வட்டத்தை முதுகுப் பக்கத்தில் எடுங்கள். வயிற்றுத் தோல் இழுத்த இடத்துக்கெல்லாம் வரும். எட்டில் ஒரு பிரி வயிற்றுத் தோலாக இருந்தாலும் அது மட்டும் தளர்ந்து தொங்கும், மற்ற ஏழும் சுமையைத் தாங்கும்.

வீடியோவில் உங்களுக்குக் காட்டியது கடைசிக் கால்வாசி வேலை. மிச்சம் முக்கால்வாசியை அவர்கள் காட்டுவதில்லை, பார்க்கச் சலிப்பாக இருக்கும் என்பதால். தோலை நனைத்து, பதம் பார்த்து, அறுத்து, இழுத்து, சீவி, ஓரம் சாய்த்து, மறுபடி நனைத்து, அப்புறம்தான் பின்னல். என்னிடம் பழக வருகிறவர்கள் பின்னலை ஒரு நாளில் பிடித்துக் கொள்கிறார்கள். தோலின் பதம்தான் பிடிபட மாட்டேன் என்கிறது. அதைப் பிடித்தவர் நாலே பிரியில் பின்னினாலும் சாமான் அழகாக இருக்கும். பிடிக்காதவர் பதினாறில் பின்னினாலும் சந்து சந்தாகத் தெரியும்.

பதம் என்பது இதுதான். காய்ந்த பச்சைத்தோல் பலகை. வளைத்தால் வெடிக்கும். தண்ணீரில் ஊறப்போட்டு அப்படியே எடுத்துப் பின்னினால் ரப்பர் போல நீளும், பின்னும்போது இறுக்கமாக இருப்பது போலத் தெரியும், காய்ந்ததும் பிரி சுருங்கி இடைவெளி விடும். நடுவில் ஒரு நிலை உண்டு. நனைத்த வாரைத் துடைத்து, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு இரவு வையுங்கள். மேல் ஈரம் உள்ளே இறங்கி எல்லா இடத்திலும் ஒன்றாகும். காலையில் எடுத்துக் கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்க வேண்டும், ஆனால் கன்னம் நனையக்கூடாது. வளைத்தால் சத்தமில்லாமல் வளைய வேண்டும். தருமபுரிப் பக்கம் சித்திரை வெயிலில் இந்தப் பதம் நிழலில்கூட அரைமணி நேரம் நிற்காது. பின்னும் நீளத்தை மட்டும் வெளியே விட்டு, மிச்சத்தைப் பிரிபிரியாகச் சுருட்டி ஈரத்துணிக்குள்ளேயே வையுங்கள். வெள்ளை சோப்புக் கட்டியைப் பிரியில் தேய்த்துவிட்டால் வழுக்கிக்கொண்டு ஏறி உட்காரும்.

ஓசூர், கல்லூரி மாணவி: பச்சைத்தோல், பதனிட்ட தோல், இரண்டும் ஒன்றுதானே? நம் மாவட்டத்தில் எங்கே தேடுவது?

ஒன்றில்லை. பச்சைத்தோல் என்றால் முடியும் சதையும் நீக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்தது, அவ்வளவுதான். மருந்து எதுவும் ஏறவில்லை. நனைந்தால் மறுபடி இளகும், காய்ந்தால் மறுபடி இறுகும். பதனிட்ட தோலில் பட்டைச் சாறோ குரோம் உப்போ ஏறித் தோலின் குணத்தையே மாற்றிவிடும். நனைந்து காய்ந்தாலும் அது பழைய பச்சைத்தோல் ஆகாது.

உங்கள் வீட்டுப் பக்கக் கரட்டில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற ஆவாரம் செடியின் பட்டைதான் ஒரு காலத்தில் தென்னிந்தியத் தோல் பதனிடுதலுக்கு முதல் சரக்கு. கூடவே கடுக்காய். அப்படிப் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் வரை போனது. இன்று வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் குரோம்தான் அதிகம். செருப்புக்கும் பைக்கும் அது சரி. பின்னலுக்குக் குரோம் தோல் எனக்குப் பிடிக்காது, இழுவை நிறைய. பட்டை போட்டுப் பதனிட்ட தோல் என்று கேட்டு வாங்குங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். கழிவுத் துண்டுகளை எடை போட்டு விற்பார்கள், பழகுவதற்கு அது போதும்.

பச்சைத்தோலுக்குத் தொழிற்சாலைக்குப் போகாதீர்கள். பறை, பம்பை, தவில், மிருதங்கம் செய்கிறவர்களைக் கேளுங்கள். மிருதங்கத்தின் இரண்டு பக்கத்தையும் இழுத்துக் கட்டியிருக்கிற வார் எருமைத் தோல். அந்த வாரை அறுக்கிறவருக்குத் தோலைப் பற்றித் தெரிந்ததில் பாதி எனக்குத் தெரியாது. மெல்லிய பின்னலுக்கு ஆட்டுத்தோல், லகானுக்கு மாடு. எருமை ரொம்பத் தடிமன், சீவியே கை ஓய்ந்துவிடும். ஆஸ்திரேலியாவில் கங்காருத் தோலைச் சொல்வார்கள். மெல்லிசாகச் சீவினாலும் அறுபடாது என்பதால் அங்கே சாட்டை பின்னுகிறவர்களுக்கு அதுதான் முதல் தேர்வு. நமக்கு வெள்ளாடு இருக்கிறது.

நீங்களே சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்கப் போகிறீர்கள் என்றால், கையுறை, கண்ணாடி, திறந்த வெளி. ஹாஸ்டலில் செய்யாதீர்கள், நாற்றத்துக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

தேன்கனிக்கோட்டை வாசகர்: எவ்வளவு கவனமாக அறுத்தாலும் வார் ஓரிடத்தில் அகலம், ஓரிடத்தில் ஒல்லி. கைதான் சரியில்லையா?

கையை நம்புவதுதான் சரியில்லை. கெட்டியான மரக்கட்டையில் ஒரு பிளேடைச் செங்குத்தாக இறுக்கிப் பொருத்துங்கள். பிளேடின் வாயிலிருந்து 6 மில்லி தள்ளி ஒரு தடித்த ஆணி அடியுங்கள். தோலின் ஓரம் ஆணியைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும், பிளேடு தானாக அறுக்கும். ஒரு கை வாரை இழுக்க, ஒரு கை வட்டத்தைத் திருப்ப. வட்டத்தின் வெளி ஓரம் முதலில் துல்லியமாக இருக்க வேண்டும், ஓரத்தில் ஒரு பள்ளம் இருந்தால் அந்தப் பள்ளம் ஒவ்வொரு சுற்றிலும் கூடவே வரும்.

அறுத்ததும் வேலை முடியவில்லை. ஈர வாரை இரண்டு தூணுக்கு நடுவே இழுத்துக் கட்டி நிழலில் காயவிடுங்கள். இழுபடுகிற இடமெல்லாம் இப்போதே இழுபடட்டும். பிறகு ஆணியை 5 மில்லிக்கு நகர்த்தி இன்னொரு முறை ஓட்டுங்கள். அப்புறம் தடிமன்: பிளேடைப் படுக்கையாக வைத்து, கீழே கட்டைக்கும் பிளேடுக்கும் ஒரே சந்து விட்டு, வாரை அதன் வழியே இழுத்தால் அடிப்பக்கத்து மேடெல்லாம் சீவப்படும். கடைசியாக இரண்டு ஓரத்தையும் சாய்வாகச் சீவுங்கள். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஓரம் சாய்க்காத பிரி பக்கத்துப் பிரியின் மேல் படிக்கட்டு போல நிற்கும், கையை அறுக்கும், குதிரையின் தோலையும்தான். சாய்த்த பிரி ஒன்றோடு ஒன்று அடங்கி உட்காரும்.

பின்னி முடித்து ஈரம் இருக்கும்போதே இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். உருண்டை திரளும்.

அரூர் வாசகர்: இன்ஜினீயரிங் படித்துவிட்டு மாட்டுத்தோலைத் தொடுகிறானே என்று வீட்டில் பெரிய சண்டை. அம்மா பேசுவதே இல்லை. என்ன சொல்லிச் சமாளிப்பது?

சமாளிக்க நான் ஒன்றும் எழுதித் தர மாட்டேன். உங்கள் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். உங்கள் நிலத்தில் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் கிணற்றிலிருந்து தண்ணீர் எதில் ஏறியது? சால் என்கிற வாளியின் அடியில் கட்டியிருந்த தும்பி என்கிற தோல் குழாய் வழியாகத்தானே வாய்க்காலுக்கு வந்தது? அந்தத் தண்ணீரில் விளைந்ததைச் சாப்பிட்டபோது யாருக்கும் குமட்டவில்லை. தும்பி தைத்தவரை மட்டும் தெரு முனையில் நிறுத்தினார்கள். களத்தில் அவருக்குப் படி அளந்தபோதுகூடக் கை படாமல் அளந்தார்கள், நான் சிறுவனாக நின்று பார்த்திருக்கிறேன்.

எனக்கு இந்த வேலை அப்பாவிடமிருந்து வந்தது. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஜட்கா வண்டிக் குதிரைகளுக்குச் சேணமும் வாரும் தைத்துக் கொடுத்தவர். அவர் உட்கார்ந்து தைத்த திண்ணை எங்களுடையது இல்லை, அதில் ஏறி உட்கார எங்களுக்கு அனுமதியும் இல்லை. திண்ணைக்குக் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். இப்போது அதே தோலைப் பெரிய ஊர்க் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கைவேலை என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். நீங்கள் செய்யப் பிரியப்பட்டால் செய்யுங்கள் தம்பி. அம்மா பேசுவார்கள், நாள் ஆகும். ஆனால் நீங்கள் யாரிடம் கற்றீர்களோ அவரை வீட்டுக்குள் கூப்பிட்டு, உங்கள் வீட்டு டம்ளரில் காபி கொடுங்கள். அதைச் செய்யாமல் தோல் வேலையை மட்டும் எடுத்துக்கொள்வதில் எனக்குச் சம்மதம் இல்லை.

பென்னாகரம் வாசகர்: ஐப்பசி மழையில் என் பச்சைத்தோல் லகான் பாம்புக்குட்டி போலக் குழைந்துவிட்டது. விளக்கெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறேன். சரியாகுமா?

ஊற்றிவிட்டீர்களா, சரி. துணியால் அழுத்தித் துடைத்து எடுங்கள். விளக்கெண்ணெய் பதனிட்ட தோலுக்கு நல்லது, பச்சைத்தோலுக்கு அது உள்ளே இறங்கி விறைப்பைக் கெடுத்துவிடும். பச்சைத்தோல் லகானுக்குத் தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் உருக்கிக் கலந்து, ஆறவைத்து, மெல்லிசாகப் பூசித் தேய்த்தால் போதும்.

நனைந்த லகானை வெயிலில் போடாதீர்கள், அடுப்புப் பக்கமும் வேண்டாம். லேசாக இழுத்துக் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். எலிக்கும் நாய்க்கும் எட்டாத உயரத்தில். அவற்றுக்கு அது சாப்பாடு.

இன்னொன்று, முக்கியம். நனைந்த பச்சைத்தோல் மூக்குவாரைக் குதிரையின் முகத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். காயக் காய இறுகும்.

கெலமங்கலம் வாசகர்: இந்த எட்டுப் பிரி, பன்னிரண்டு பிரி எல்லாம் நம் முன்னோர் செய்ததுதானே? நம்மிடமிருந்துதான் வெளிநாட்டுக்குப் போனது என்று ஒருவர் பேசினார்.

பேசியவருக்கு மைக் நன்றாக இருந்திருக்கும். பச்சைத்தோலைப் பல பிரியாகப் பின்னி லகானும் மூக்குவாரும் வீச்சுக்கயிறும் செய்வது மெக்சிகோ, கலிபோர்னியா, அர்ஜென்டினா மாட்டுக்காரர்களின் வித்தை. ஸ்பெயின்காரர்கள் குதிரையோடு கொண்டுபோன கைவேலை அந்தப் புல்வெளிகளில் வளர்ந்தது. கலிபோர்னியாவில் லூயிஸ் ஒர்ட்டேகா என்று ஒருவர் இருந்தார். பச்சைத்தோல் பின்னலுக்காகவே அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரிய விருது 1986இல் அவருக்குக் கிடைத்தது.

அதற்காக நமக்குக் குதிரையே தெரியாது என்று இல்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி அருங்காட்சியகங்களில் நடுகற்களைப் போய்ப் பாருங்கள், குதிரை மேல் வீரன் இருக்கிற கல்லும் உண்டு. உங்கள் ஊருக்கு அருகே மத்திகிரி கால்நடைப் பண்ணை ஆங்கிலேயர் தங்கள் படைக்குக் குதிரை வளர்த்த இடம்; கத்தியவாரிக் குதிரைகளை இன்றும் அங்கே பராமரிக்கிறார்கள். நம் பக்கத்துச் சேண வேலை என்று நான் அப்பாவிடம் பார்த்தது தட்டை வார், இரட்டைத் தையல். பின்னல் சாட்டைக்கு மட்டும், பெரும்பாலும் நாலு பிரி. எட்டுப் பிரியை நான் கற்றது ஓசூர்ப் பக்கம் குதிரையேற்றம் சொல்லித் தருகிற ஒருவர், அறுந்துபோன ஒரு வெளிநாட்டு லகானைச் செப்பனிடக் கொண்டுவந்தபோது. அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத்தான் கற்றேன். அவருக்கு லகான் திரும்பக் கிடைக்க வெகுநாள் ஆயிற்று, பாவம்.

காவேரிப்பட்டினம் வாசகி: நான் பூக்கட்டிப் பிழைப்பவள். பெண்களால் இந்த வேலை முடியுமா அண்ணா?

தாராளமாக முடியும் அம்மா. பூக்கட்டுகிறவருக்கு ஒன்று ஏற்கெனவே கைவந்திருக்கிறது: ஒவ்வொரு கண்ணியையும் ஒரே அழுத்தத்தில் இறுக்குவது. ஆண் பிள்ளைகள் முதல் அடியை முரட்டுத்தனமாக இழுத்துவிட்டு, கை வலித்ததும் கடைசி அடியைத் தளர விடுவார்கள். லகான் ஒரு முனை ஒல்லி, மறுமுனை தடி. தோலை இழுத்துக் கட்டுவதும் சதை சுரண்டுவதும்தான் பலம் கேட்கும் வேலை. அதை ஏற்கெனவே தயார் செய்த தோலாக வாங்கிவிடலாம். விரலில் வார் அறுக்கும், முதலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள்.

பாப்பிரெட்டிப்பட்டி வாசகர்: இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா?

இதை மட்டும் வைத்து முடியாது. குதிரைச் சாமான் என்றால் வியாபாரிகள் கான்பூரைத்தான் பார்ப்பார்கள், புவிசார் குறியீடு வாங்கிய ஊர், மொத்தமாகச் செய்து ஏற்றுமதி செய்கிறவர்கள். விலையில் அவர்களோடு மோத முடியாது. நான் கல்யாண ஊர்வலக் குதிரை வைத்திருப்பவர்களுக்கும் குதிரையேற்றப் பள்ளிகளுக்கும் பழுது பார்த்துக் கொடுக்கிறேன். பழுதில்தான் நிலையான வருமானம். பின்னல் லகான் எப்போதாவது ஒருவர் கேட்பார். சாவிக்கொத்து, நாய்க்கழுத்துப் பட்டை, பெல்ட் ஆகியவற்றுக்கு நாலு பிரிப் பின்னல் போட்டால் ஓசூரில் வாங்க ஆள் இருக்கிறது. விலை சொல்லும்போது பின்னிய நேரத்தை மட்டும் கணக்குப் போடாதீர்கள், சீவிய நேரமும் சேர்த்து.

ஊத்தங்கரை வாசகர்: எட்டுப் பிரி அவ்வளவு உறுதி என்றால் அந்த லகானாலேயே குதிரையை மரத்தில் கட்டலாமா?

கூடவே கூடாது. லகான் வாயில் இருக்கிற இரும்போடு சேர்ந்தது. குதிரை மிரண்டு பின்னால் இழுத்தால் உறுதியான லகான் அறுபடாது, வாய்தான் கிழியும். கட்டுவதற்குத் தனியாகத் தலைக்கயிறு, ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. மரத்தில் நேராகக் கட்டாமல் நடுவில் ஒரு சணல் கயிற்று வளையம் போட்டு அதில் கட்டுங்கள். மிரண்டால் சணல் அறுந்து போகட்டும். சணல் கயிறு கடையில் கிடைக்கும்.